உறை பிரிக்காத நாற்காலிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களே, பள்ளித் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எங்கள் கணக்குகளைப் பார்க்கும் ஆடிட்டர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் வீட்டுக்காரர் அவர்களே, மெஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் பிரிவுத் தோழர்களே, சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். கடைசி ஜன்னல் பக்கம் உட்காராமல் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கும் எங்கள் அக்கா மகளுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நம் செக்கிங் பிரிவின் தலைமை மேற்பார்வையாளர், இந்தக் கூடத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அக்கா, எனக்கும் அக்கா, போன வாரம் நம்மை விட்டுப் போய்விட்டார். அவர் நின்று வேலை பார்த்த இந்தக் கூடத்திலேயே, அவருடைய மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அவருக்காகக் கூடியிருக்கிறோம்.

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. தோளில் பைகளை மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவன். எனக்கு விற்கத் தெரியும். பேரம் பேசத் தெரியும். போனவரைப் பற்றி நின்று பேசத் தெரியாது. அதனால் விளம்பரப் பிரிவுத் தம்பிகள் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். அதில் முதல் வரியிலேயே அக்காவை ‘என்றும் புன்னகை மாறாத முகம்’ என்று எழுதியிருக்கிறார்கள். செக்கிங் மேசைக்காரர்களைக் கேட்கிறேன். அக்கா எப்போது சிரித்தார்? பாருங்கள், நீங்களே சிரிக்கிறீர்கள். ஒரு பையை அவர் கையில் எடுத்துத் திருப்பினால், தைத்தவருக்கு மெஷின் அடியில் கால் நடுங்கும். எனக்கே நடுங்கியிருக்கிறது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். தெரிந்ததைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

முதலில் இன்று காலை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். மேனேஜர் என்னிடம் வந்து, “சார், சேர் வாடகைக்குச் சொல்லிடவா?” என்று கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. “வாடகைக்கு எதுக்குய்யா? குடோன்ல அத்தனை சேர் சும்மாதானே கிடக்கு, அதை எடுத்துப் போடுங்க” என்றேன். பழக்கம் அப்படி. கையில் இருக்கும் பொருளை விட்டுவிட்டு வெளியே காசு கொடுத்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

நாற்காலிகள் வந்து இறங்கின. அம்மாவின் படத்தை மாட்டுவதற்கு வந்திருந்த அக்கா மகள், அந்த நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுடைய அம்மா என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். அதனால் பேச்சு வந்த நாள் முதல் அவளுக்கு நான் மாமா. அந்தப் பெண் கேட்டாள்: “கூட்டம் முடிஞ்சதும் எண்ணிப் பார்த்து உள்ள வெச்சுப் பூட்டிடுவீங்களா, சார்?”

சார்.

ஆரம்ப காலத்தில் கடன் கொடுத்தவர்கள் நடுத்தெருவில் நிற்கவைத்து என்னை என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறார்கள். துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தையை என்னால் துடைக்க முடியவில்லை. அவளிடம், “பார்க்கலாம்மா” என்று சொன்னேன். வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அவளுக்கும் தெரியும். என்னிடம்தானே வேலை பார்க்கிறாள்.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். ஆனால் மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கு அந்தக் கேள்வி புரியாது. அது என்ன நாற்காலி, அதை ஏன் பூட்ட வேண்டும் என்று நினைப்பீர்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் அக்கா யார் என்று சொல்ல வேண்டும்.

தகரக் கொட்டகையில் நான் பை தைத்து விற்றுக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் ஒரு அம்மா வந்து வேலை கேட்டார்.

“தைக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“துணி வெட்டத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்புறம் என்னதான் தெரியும்?”

அவர் மேசை மேல் இருந்த ஒரு பள்ளிக்கூடப் பையை எடுத்தார். ஒரு காலால் அதன் அடியை மிதித்துக்கொண்டு, தோள் வாரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். வார் அவர் கையோடு வந்துவிட்டது. அதை என் முன்னால் வைத்துவிட்டு, “இது தெரியும்” என்றார்.

அன்றைக்கே வேலைக்கு வைத்துக்கொண்டேன். அடுத்த மாதமே ஏன் வைத்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு பெரிய கடைக்கு முதல் சரக்கு போக வேண்டும். வார்த் தையல் சரியில்லை என்றார் அக்கா. எனக்குத் தெரியும், சரியில்லைதான். “கடைக்காரன் தூக்கிப் பார்த்துட்டு வாங்கிக்குவான்க்கா, அவன் என்ன இழுத்தா பார்க்கப்போறான்?” என்றேன். “அவன் இழுக்க மாட்டான். புத்தகத்தைப் போட்டுத் தூக்கிக்கிட்டு ஓடுற பிள்ளை இழுக்கும்” என்றார். நான் காதில் வாங்கவில்லை. வண்டி பிடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அத்தனை பைகளின் வார்களையும் கத்தரியால் வெட்டிக் குவித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

“இனிமே நீயே நெனச்சாலும் அனுப்ப முடியாது தம்பி. வாரே இல்ல.”

அன்றைக்குத்தான் அக்கா சிரித்து நான் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்குக் கொலைவெறி. ஆனால் வேறு வழியில்லாமல் பிரித்துத் தைத்து, தாமதமாக, கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் நம்மிடம்தான் வாங்குகிறார். ‘இவன் பை அறுந்து போகாது’ என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறதே, அது நான் சம்பாதித்ததா? அக்கா வெட்டிப் போட்ட வார்களிலிருந்து வந்தது அந்தப் பெயர். அதைத்தான் இத்தனை வருடங்களாக நான் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

கொட்டகை கட்டடமானது. கட்டடம் தொழிற்சாலையானது. ‘நீ’ என்று கூப்பிட்ட அக்கா, மற்றவர்கள் முன்னால் ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தார். நானும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெளிநாட்டுக் கம்பெனி ஆர்டர் வந்தது. அவர்கள் ஆளை அனுப்பித் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார்கள். செக்கிங் மேசையில் எல்லோரும் நின்றுகொண்டே வேலை பார்ப்பதைக் கண்டு, “இவர்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை” என்றார்கள். ‘சரி’ என்றேன். மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. உட்கார்ந்தால் கை மெதுவாகும். ஒருவர் உட்கார்ந்தால் பேச்சு வளரும். யார் சொன்னார்கள் இப்படி? யாரும் சொல்லவில்லை. எந்த முதலாளியும் இன்னொரு முதலாளியிடம் கேட்டுச் சரிபார்க்காத நம்பிக்கை இது. நானும் சரிபார்க்கவில்லை.

நாற்காலி வாங்கித்தான் ஆக வேண்டும். உயர மேசைக்குத் தோதாக, சாய்மானம் வைத்த நல்ல நாற்காலிகளாக வாங்கினேன். ஆனால் யார் காசில்? இங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஆடிட்டர் அவர்கள் நெளிய வேண்டாம், யோசனை என்னுடையது. நீங்கள் அதற்கு முறையான பெயர் கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

நமக்கு ஒரு அறக்கட்டளை இருக்கிறது. ‘எல்லோருக்கும் ஓர் இருக்கை’ என்று அதற்கு ஒரு திட்டம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிக்கும் பள்ளிகளுக்கு நாற்காலி கொடுப்பது. இந்த நாற்காலிகளை அந்தத் திட்டத்தில் வாங்கினேன். தர்மத்துக்குக் கொடுத்தால் வரி குறையும், குறைந்தது. தலைமையாசிரியர் ஐயாவின் பள்ளிக்கு வண்டியில் கொண்டுபோய் இறக்கினோம். பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுத்தோம். பாவம், கால் தரையில் எட்டாமல் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பத்திரிகையில் வந்தது. சாயங்காலமே, “உயரம் சரியில்லை, மாற்றிக் கொண்டுவந்து தருகிறோம்” என்று அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். வெறுங்கையோடு வரக்கூடாது என்று பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்தோம். அதில் நம் கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும்.

ஐயா ஒரு தடவை போன் செய்தார். “அந்த நாற்காலி விஷயம்…” என்று இழுத்தார். “வந்துக்கிட்டே இருக்கு சார்” என்றேன். ஐயா நல்ல மனிதர், அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவர் பள்ளியில் பின்வரிசைப் பிள்ளைகள் இன்னும் தரையில்தான் உட்காருகிறார்கள். வெள்ளையடித்த சுவருக்கு உள்பக்கம்.

ஒரே நாற்காலி. வரித்துறையிடம் அது தர்மம். வெளிநாட்டுக் கம்பெனியிடம் அது தொழிலாளர் நலன். பத்திரிகைக்காரர்களிடம் அது சமூகத் தொண்டு. ஒரு பொருளை மூன்று இடத்தில் விற்றவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் விற்றேன். அதற்குச் சங்கத் தலைவர் அவர்கள் தம் கையாலேயே எனக்குக் கேடயம் கொடுத்தார். வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன், வரும்போது பார்த்திருப்பீர்கள்.

மூன்று பேருக்கும் கணக்குத் தீர்ந்தது. அதில் உட்கார வேண்டியவர்கள்? அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் மட்டும் கிடங்கைத் திறப்போம். நாற்காலி வரும். அவர்கள் வண்டி கேட்டைத் தாண்டியதும் நாற்காலி உள்ளே போகும். கிடங்குச் சாவி அக்காவிடம் இருந்தது. இதையும் அவர் தலையில்தான் கட்டினேன்.

முதல் தடவை என்ன கூத்து நடந்தது என்று செக்கிங்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்களுக்கு உட்கார்ந்து வேலை செய்யவே வரவில்லை. நான் வந்தால் எழுந்தீர்கள், மேனேஜர் வந்தால் எழுந்தீர்கள், டீ கொண்டுவந்தவர் வந்தால்கூட எழுந்தீர்கள். முந்தின நாள் ஒத்திகை வைத்தோம். உலகத்திலேயே உட்காருவதற்கு ஒத்திகை பார்த்த தொழிற்சாலை நம்முடையதாகத்தான் இருக்கும். அக்கா வரிசையில் நடந்துகொண்டே அதட்டினார்: “உட்காருடி. முதுகைச் சாய். சாய்ஞ்சா ஒண்ணும் தப்பில்ல, நாளைக்கு ஒரு நாள்தான்.”

பல வருடங்கள் கழித்து ஒரு தடவை ஒரு தப்பு நடந்தது. கிடங்கில் தூசி படியக்கூடாது, அழுக்கானால் அடுத்த தடவை காட்ட முடியாது என்று, நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக்கூடாது என்று நான் உத்தரவு போட்டிருந்தேன். வருடங்கள் ஓடியும் பிரிக்கவில்லை. வந்த அதிகாரி அதைத் தொட்டுப் பார்த்து, “இது என்ன, புதுசா?” என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கண் இமைக்காமல் சொன்னார்: “இல்லைங்க. எங்க பொண்ணுங்க கம்பெனிப் பொருளைப் பத்திரமா வெச்சுக்குவாங்க.” அதிகாரி சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார். அன்று வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “அந்தம்மா உங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கு. இதுல என்ன சிரிப்பு?” என்றாள்.

எனக்குப் பின்னால் இருக்கும் படமும் அன்று எடுத்ததுதான். அக்கா உட்கார்ந்திருக்கிற படம் என்று தேடியபோது விளம்பரப் பிரிவுக்கு இது ஒன்றுதான் கிடைத்தது. ஓரத்தில் உற்றுப் பாருங்கள். உறை பளபளக்கும்.

அக்கா எனக்காகப் பொய் சொன்னார். ஆனால் என்னிடமும் ஒரு வேலை காட்டியிருந்தார். அதுதான் எனக்குத் தெரியாமல் போனது.

ரிஜெக்ட் மூலை உங்களுக்குத் தெரியும். தையல் பிசகிய பைகளைக் கூடத்தின் கோடியில் அடுக்கி வைப்போம். அவற்றை உடனுக்குடன் மலிவு விலைக்காரர்களிடம் தள்ளிவிட வேண்டும், வைத்திருந்தால் நஷ்டம். ஆனால் அக்காவிடம் எப்போது கேட்டாலும், “இன்னும் பார்த்து முடிக்கலை தம்பி” என்பார். நான் மாடிக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன், ஆள் உயரத்துக்குப் பைச் சுவர் நிற்கும். இவ்வளவு ரிஜெக்டா என்று தையல் பிரிவைக் கூப்பிட்டுக் கத்துவேன். உங்களில் பலருக்கு அந்த அர்ச்சனை நடந்திருக்கிறது. செய்யாத பிசகுக்குத் திட்டு வாங்கினீர்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று எனக்குப் போன மாதம்தான் புரிந்தது.

தங்கைக்கு ஆபரேஷன் என்று அக்கா சில நாள் லீவில் போனார். இதுதான் சமயம் என்று வியாபாரியை வரவழைத்து ரிஜெக்ட் மொத்தத்தையும் தள்ளிவிட்டேன். பைகளை எடுக்க எடுக்கச் சுவர் இறங்கியது. பின்னால் ஒரு நாற்காலி. கிடங்கு நாற்காலி. பழைய பைத் துணியில் தைத்த ஒரு மெத்தை. கால் வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பலகை. நான்கு பக்கமும் பைகளை அடுக்கி, உள்ளே ஒரு ஆள் உட்காரும் இடம்.

அங்கேயே நின்றுவிட்டேன். அப்போது எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. “அந்த மூலையில போய் ரிஜெக்ட் பார்த்துட்டு வாடி” என்று அக்கா யாரையெல்லாம் அனுப்புவார்? மாதம் நிறைந்த வயிற்றோடு நின்றவர்களை. காய்ச்சலோடு வந்தவர்களை. கால் வீங்கியவர்களை. நல்ல பைகளை ரிஜெக்டோடு போட்டுச் சுவரை உயர்த்தியிருக்கிறார். பிறகு மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துப் பெட்டியில் போட்டிருக்கிறார். என் மாடிக் கண்ணாடிக்குத் தெரியாத உயரம் எது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

வேறு ஒருவனாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பான். எனக்குக் கோபம் வந்தது. என் கண்ணைக் கட்டிவிட்டார்களே என்று கோபம். அக்கா வேலைக்குத் திரும்பியதும் மாடிக்குக் கூப்பிட்டேன்.

“என்னக்கா இது? ரிஜெக்ட் குறையலேன்னு நான் தையல்காரங்க மேல எரிஞ்சு விழுந்துக்கிட்டு இருக்கேன். நீங்க கோட்டை கட்டி வெச்சிருக்கீங்க.”

“கோட்டை எல்லாம் இல்ல தம்பி. ஒரு சேர்தான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. சொன்னப்பல்லாம் ‘பார்க்கலாம்க்கா’ன்னீங்க.”

சொல்லியிருக்கிறார்தான். ஆனாலும் விடவில்லை. “அப்ப நீங்களும் போய் அங்க உட்காந்துக்குவீங்களா?” என்று குத்தலாகக் கேட்டேன்.

“நான் உட்காந்தா எல்லாரும் கேப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் உட்காரல.”

சொல்லியிருக்கிறேன். எப்போது சொன்னேன் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. ஏதோ போகிறபோக்கில் சொன்ன வார்த்தை. அதை அவர் வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டு இத்தனை வருடமும் நின்றிருக்கிறார்.

அவ்வளவு கேட்ட பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? “கிடங்குச் சாவியைக் குடுங்க” என்றேன். மேசை மேல் வைத்தார். அந்த ஒற்றை நாற்காலியையும் உள்ளே போடவைத்து நானே பூட்டினேன். அக்கா கீழே இறங்கிப் போய்த் தன் மேசையில் நின்றார். அன்றிலிருந்து அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. மகள் இன்று ‘சார்’ என்கிறாள். அம்மா வாய்விட்டுச் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள்.

போன வாரம் இந்தக் கூடத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும், நான் இல்லை. அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார் என்றும், மூச்சு வாங்கியது என்றும் பிறகு சொன்னீர்கள். யாரோ, “ஒரு சேர் கொண்டாங்க” என்று கத்தியிருக்கிறீர்கள். ஒருவர் கிடங்குக்கு ஓடியிருக்கிறார். பூட்டு. சாவி என் மேசை டிராயரில். நான் மாடியில் போனில் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அக்காவை அதன் மேல் உட்கார வைத்தீர்கள். நம் கம்பெனிப் பெயர் அச்சடித்த பெட்டி. ஒரு தொழிற்சாலை நிறைய நாற்காலி. அக்காவுக்கு அட்டைப்பெட்டி.

மருத்துவமனையில் டாக்டர் சொன்னார், காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்குப் போயிருக்கிறது என்று. “ரொம்ப நேரம் நின்னுக்கிட்டே செய்யற வேலையா?” என்று கேட்டார். பிறகு, “காரணம் பல இருக்கலாம்” என்றும் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன். அந்தப் ‘பல’ என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் அன்று வீடு போய்ச் சேர்ந்தேன். வயதாக இருக்கலாம், உடம்பு வாகாக இருக்கலாம் என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். அவரைப் பார்க்கப் போனேன். அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. “எனக்கு நாள் பூரா உட்காந்தே வேலை, அவளுக்கு நாள் பூரா நின்னே வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாத்திக்குவோம். அவ உட்காருவா, நான் நின்னுக்கிட்டு சமைப்பேன். ‘ஷிப்ட் மாறியாச்சு, பிரேக் போடு’ன்னு கேலி பண்ணுவா” என்றார். அக்கா கேலி பேசுவார் என்பதே எனக்குத் தெரியாது. அவர் சிரிப்பையெல்லாம் வீட்டுக்கு வைத்துக்கொண்டு, இங்கே எங்களுக்கு வேலையைக் கொடுத்திருக்கிறார்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து, நீங்கள் அசையும்போதெல்லாம் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறதே, சரசரவென்று, அது என்ன சத்தம்? பிளாஸ்டிக் உறையின் சத்தம். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த நாற்காலிகளில்தான். உங்களுக்காக என்று வெளிநாட்டுக் கம்பெனியிடம் சொல்லி வாங்கியவை. வேடிக்கை பார்க்க ஆள் வராத ஒரு நாளில் நீங்கள் இவற்றில் உட்காருவது இதுதான் முதல் தடவை. அதற்கும் அக்கா செத்துப்போக வேண்டியிருந்தது. அதுவும் வாடகைக் காசை மிச்சம் பிடிக்க நான் கொண்டுவரச் சொன்னதால் கிடைத்தது.

அக்கா மகளே, நீ ஏன் உட்காரவில்லை என்று எனக்குத் தெரியும். உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். இந்த நாற்காலிகள் உள்ளே போகாது. கூட்டம் முடிந்ததும் மேசைகளை இழுத்துப் போட்டு, அவரவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை அவரவர் இடத்துக்கு எடுத்துப் போங்கள். மேனேஜர் எண்ண வேண்டாம். கிடங்கில் இனி பூட்டு இல்லை.

தலைமையாசிரியர் ஐயா, உங்கள் பிள்ளைகளுக்குக் கால் தரையில் எட்டுகிற உயரத்தில் நாற்காலி வரும். என் சொந்தக் காசில் வரும், படம் எடுக்க யாரும் வர மாட்டார்கள். சுவரில் இருக்கும் எங்கள் பெயரை அழித்துவிடுங்கள். ஆடிட்டர் அவர்களே, நாளைக் காலை வாருங்கள். கொடுக்காத தர்மத்துக்கு வாங்கிய வரிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும், அபராதம் போட்டால் அதையும் கட்டுவோம். தலைவர் அவர்களே, உங்கள் கேடயத்தைப் போகும்போது எடுத்துப் போங்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்கும் உள்ளதை எழுதப் போகிறேன். அவர்கள் ஆர்டரை நிறுத்தினால் நிறுத்தட்டும். எனக்குத் தோள் இன்னும் இருக்கிறது. பையை மாட்டிக்கொண்டு கடை ஏறத் தெரியும். உங்கள் வேலைக்கு ஆபத்து வராமல் பார்ப்பது என் பொறுப்பு. அதற்கு மட்டும் ‘பார்க்கலாம்’ என்று சொல்ல மாட்டேன்.

நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. என்னை எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வாரமே, ‘உட்கார்ந்து வேலை மெதுவாகுதே’ என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். அதனால்தான் தனியாக அக்கா வீட்டில் போய்ச் சொல்லாமல், இத்தனை பேர் நடுவில், இவ்வளவு பெரிய மனிதர்களை வைத்துக்கொண்டு சொல்கிறேன். அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்த வழி இது. சரக்கு அனுப்ப முடியாதபடி வாரை வெட்டிவிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது வியாபாரிப் பேச்சு. உறை பிரித்த பொருளை எந்தக் கடையிலும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் உறையைப் பிரித்துவிடுங்கள். கிழித்துப் போடுங்கள். நாளைக்கே எனக்குப் புத்தி மாறினாலும், இதைப் புது நாற்காலி என்று யாரிடமும் காட்ட முடியாதபடி செய்துவிடுங்கள்.

இனி மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நின்று செலுத்துவதுதான் வழக்கம். இன்று நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். அக்காவுக்காக நீங்கள் யாரும் நிற்க வேண்டாம். நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். ஒத்திகை இல்லை, நிஜமாகவே சாயுங்கள். மேடையில் இருக்கும் நாங்கள் நிற்கிறோம். தலைவர் அவர்களே, ஆடிட்டர் அவர்களே, எழுந்திருங்கள். தலைமையாசிரியர் ஐயா உட்காரலாம், அவரும் ஏமாற்றப்பட்டவர்தான்.

அக்கா மகள் உட்காருவதும் நிற்பதும் அவள் இஷ்டம். அதைப் பார்த்து நான் மனசைத் தேற்றிக்கொள்ளக்கூடாது. அதனால் கண்ணை மூடிக்கொள்கிறேன். எத்தனை நேரம் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் போதும் என்று சொன்னதும் முடிக்கலாம். அவள் சொல்லாவிட்டால் நின்றுகொண்டிருக்கிறோம், எங்களுக்கும் அது கொஞ்சம் பழகட்டும்.

அஞ்சலியில் சத்தம் கூடாது என்பார்கள். இன்றைக்கு இருக்கட்டும். கிழியுங்கள். எனக்குக் கேட்க வேண்டும்.